வரி இருக்கட்டும், காசு எங்கள் ஊர்ப் பக்கமும் வரட்டும்

மலேசியாவில் சீனி போட்ட பாட்டில், டின் பானங்களுக்கு லிட்டருக்கு 90 காசு (சென்) கலால் வரி. 2025 ஜனவரி 1 முதல் இதுதான் கணக்கு. 2019 ஜூலையில் 40 காசாகத் தொடங்கியது, 2024இல் 50 ஆனது, அடுத்த வருடமே 90க்கு ஏறிவிட்டது. சிலாங்கூரில் இருக்கும் எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் (2007இல் பெயர் மாற்றினார்கள், எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான்: "ஏழை குடிக்கிற தண்ணியையும் விட மாட்டேங்கிறாங்க."

நான் இந்த வரியை ஆதரிக்கிறேன், அரைமனதாக இல்லை. ஆனால் அந்தக் கோபத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் ஏன் ஆதரிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடியற்காலை வேன் வருவதற்கு முன்னாலேயே போர்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். இடது கையில் ஊசி போடும் இடம் புடைத்து நிற்கும். அங்கே விரலை வைத்தால் உள்ளே ஏதோ மெஷின் ஓடுவது போல அதிரும். நான்கு மணி நேரம் இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். வீட்டுக்கு வந்ததும் தாகம் எடுக்கும், ஆனால் இஷ்டத்துக்குக் குடிக்க முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் சொன்ன தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்து, அதிலிருந்து சின்னக் குவளையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் குடிப்பார். மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் சேரும். இனிப்பு நீர் நோய், அதாவது நீரிழிவு, சிறுநீரகம் வரைக்கும் போனால் இப்படித்தான் ஆகும்.

எங்கள் வீட்டு வரிசையில் இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கால் விரலை எடுத்தவர், கண் மங்கிப்போனவர், புண் ஆறாமல் லோரி ஓட்டும் வேலையை விட்டவர் என்று பக்கத்திலேயே இருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் 2019 ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு முப்பதைத் தாண்டியது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற மூன்று இனங்களில் நாம்தான் முதலிடம். 2023 ஆய்வில் நாட்டுக் கணக்கு 15.6க்கு இறங்கியது, மகிழ்ச்சி. ஆனால் நோய் இருப்பவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களில் பாதிக்கு மேல் நீரிழிவால் வந்தவர்கள்.

அதனால் "ஏழை மேல் வரி" என்ற பேச்சுக்கு என் பதில் இது: நோயும் ஏழை மேல்தான் விழுகிறது. வரி காசில் போகும். நோய் வேலையையும் காலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம், பாதிப் பேர் அது தெரியாமல்தான் சண்டை போடுகிறார்கள். 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால்தான் இந்தப் பானங்களுக்கு வரி. பழச்சாறுக்கும் பால் பானத்துக்கும் வரம்பு வேறு. ஒன்றரை லிட்டர் பாட்டிலுக்கு வரி 1 வெள்ளி (ரிங்கிட்) 35 காசு. 100 மில்லிக்கு 10 கிராம் என்று வைத்தால் அந்த ஒரு பாட்டிலில் 150 கிராம் சீனி, அதாவது முப்பது தேக்கரண்டி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோடு அந்தப் பாட்டிலை நடுவில் வைத்து நாலு பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்கிறோம். வரி வந்த பிறகு பல கம்பெனிகள் சீனியைக் குறைத்து 5 கிராமுக்குக் கீழே கொண்டு வந்திருக்கின்றன. அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், தெரியும். யாரும் பிரச்சாரம் செய்யாமல், யாரும் மனம் மாறாமல், பிள்ளையின் குவளையில் சீனி குறைந்திருக்கிறது. எனக்கு இந்த வரியில் மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, இனி கோபத்தின் பக்கம்.

இந்த வரி ஃபேக்டரியில் அடைத்து வருவதை மட்டும்தான் தொடுகிறது. ஒட்டுக்கடையில் டின் பால் ஊற்றி ஆற்றும் தே தாரேக்குக்கு வரி இல்லை. திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் பெரிய அண்டாவில் கலக்கும் ரோஸ் சிராப்புக்கும் இல்லை. சீனியின் கதையோ நேர் எதிர். கிலோ 2 வெள்ளி 85 காசுக்கு மேல் விற்கக்கூடாது என்று அரசாங்கமே பல வருடமாக உச்சவரம்பு வைத்திருந்தது. அந்த விலையைப் பிடித்து வைக்க 2023 கடைசியிலிருந்து சீனி ஆலைகளுக்குக் கிலோவுக்கு 1 வெள்ளி ஊக்கத்தொகையும் கொடுத்தது. ஒரு பக்கம் சீனியை மலிவாக்கக் காசு கொடுத்து, இன்னொரு பக்கம் சீனித் தண்ணீருக்கு வரி வாங்கினால், கடையில் உட்கார்ந்திருக்கிறவர் சந்தேகப்படுவதில் என்ன தப்பு?

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தக் காசு எங்கே போகிறது என்பது. 2019இல் வரி வந்த புதிதில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு கொடுக்க இந்தப் பணத்தைப் பயன்படுத்துவோம் என்றார் அப்போதைய பிரதமர் மகாதீர். அப்புறம் ஆட்சி மாறியது, அந்தத் திட்டம் சொன்ன மாதிரி நடக்கவில்லை. இப்போது நீரிழிவு மருந்துக்கும் டயாலிசிஸுக்கும் ஒதுக்குகிறோம் என்கிறார்கள். நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் மத்திய அரசாங்கத்தின் கஜானாவுக்குள் போன காசில் எங்கள் ஊருக்கு எது வந்தது என்று யாரும் காட்ட முடியாது.

அமெரிக்காவில் இதே வரியை ஊர்களே போட்டன. ஊருக்கு ஊர் மக்கள் மனம் எப்படி மாறியது என்பதைப் பாருங்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி என்ற சின்ன நகரம் 2014இல் மக்களிடமே ஓட்டுக்கு விட்டது. நான்கில் மூன்று பேர் ஆமாம் என்று போட்டார்கள். பானக் கம்பெனிகள் எதிர்ப்பில் நிறையப் பணம் இறக்கியும் தோற்றன. பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று நகர மன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு நிபுணர் குழுவும் வைத்தார்கள். பிலடெல்பியா 2017இல் வரி போட்டது. அந்தப் பணம் பாலர் பள்ளிக்கும் பூங்கா, நூலகம் சீரமைப்புக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். முதல் வருடத்தில், பக்கத்து ஊருக்குப் போய் வாங்கியதையும் கழித்த பிறகு, விற்பனை 38 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு வந்தது. அதே 2017இல் சிகாகோ இருக்கும் குக் மாவட்டமும் வரி போட்டது. பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்த வரி என்று மக்களுக்குப் பட்டது. ஆகஸ்டில் வந்த வரியை டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். பானம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். காசு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வரி நிலைத்தது.

நமக்கு அந்த வழி இல்லை. கலால் வரி மத்திய அரசாங்கத்தின் கையில். நகராண்மைக் கழகம் இதில் கை வைக்க முடியாது. அதோடு 1965இல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் இன்று வரை திரும்பி வரவில்லை. எங்கள் கவுன்சிலரையே நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. இப்படிப்பட்ட ஊரில் "மக்கள் வரியை எதிர்க்கிறார்கள்" என்று சொல்வது அரைகுறைப் பேச்சு. மக்களிடம் இதுவரை யார் கேட்டார்கள்?

நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கடைக்கார அண்ணனிடம், "அண்ணே, இந்தக் காசில் நம்ம தமிழ்ப்பள்ளியில் குளிர்ந்த குடிதண்ணீர்க் குழாய் ரெண்டு போட்டா வரி பரவாயில்லையா?" என்றேன். டின் பாலைக் கரண்டியில் வழித்துக்கொண்டே யோசித்தார். "போடட்டும்பா, அப்படின்னா நானே கூடக் கொடுப்பேன்" என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

குழாயைச் சும்மா சொல்லவில்லை. கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பெரும் பகுதி எங்கள் பக்கம் சிலாங்கூர் ஆற்றில் எடுத்துச் சுத்திகரித்துப் போகிறது. அந்த ஆலைகளைத் தாண்டித்தான் நாங்கள் வேலைக்குப் போகிறோம். ஆனாலும் தண்ணீர் நின்ற நாளில், அல்லது செம்மண் நிறத்தில் வந்த நாளில், எங்கள் ஆட்கள் கடையில்தான் தாகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இப்போது செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, பங்களாதேஷ் தம்பிகள். நம்மவர்கள் லோரி, ஃபேக்டரி, செக்யூரிட்டி என்று போய்விட்டார்கள். யாராக இருந்தாலும் மத்தியான வெயிலில் கடை ஐஸ் பெட்டியைத் திறக்கும்போது தண்ணீர் பாட்டிலும் சீனி பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. களைத்து வந்தவர் கை எதை எடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கள்ளுக்கடை விஷயத்தை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோட்ட நிர்வாகமே கள்ளுக்கடை நடத்திய காலம் அது. 1940களில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற தொழிலாளர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் அதை எதிர்த்து நின்றார்கள். மேலே இருந்து உத்தரவு வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தோட்டத்து ஆட்களே எழுந்து, எங்கள் பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்றார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இந்த வரியில் வருடத்துக்கு எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு எந்த மாவட்டத்துக்குப் போனது என்று சுகாதார அமைச்சு வெளியிட வேண்டும். தோட்டங்களுக்கு வாரக் கடைசியில் இரத்தப் பரிசோதனை வேன் வர வேண்டும். வார நாளில் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பதால்தான் பலர் சோதித்துப் பார்ப்பதே இல்லை. பள்ளியிலும் பஸ் நிலையத்திலும் குடிக்கத் தகுந்த தண்ணீர் குழாயில் வர வேண்டும். இவை நடந்தால், தே தாரேக்கில் சீனியைக் குறைப்பதைப் பற்றி எங்கள் ஒட்டுக்கடையிலேயே பேச்சை நான் தொடங்குகிறேன்.

நாடாளுமன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுக்க ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மலாயில் இருக்கிறது, படித்துத் தமிழில் விளக்கிச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் இருப்பேன். வரி வேண்டாம் என்கிறவர்களும் வாருங்கள், கடிதத்தில் உங்கள் பேச்சுக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.