ஜெனோவா லாந்தெர்னா: ஒரு சின்ன திருத்தம்

இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் நிற்கும் கலங்கரை விளக்கம்தான் லாந்தெர்னா. அதைப் பற்றி "1128இல் கட்டியது அப்படியே நிற்கிறது, இப்போது விளக்கு எரிவதில்லை, வெறும் மியூசியம்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிக்கு மேல் தப்பு. 1128 என்பது முதல் கோபுரத்துக்குச் சொல்லப்படும் ஆண்டு. அடிவாரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த கோட்டையை மீட்க ஜெனோவாக்காரர்களே சுட்டதில் அது சிதைந்தது (சொந்த ஊர் குண்டுதான்!). இப்போது நிற்பது 1543இல் எழுப்பியது. சுமார் 77 மீட்டர் உயரம், இரண்டு சதுர அடுக்கு, கீழடுக்கில் வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட நகரச் சின்னம்.

விளக்கு எரியாதா? இருட்டியபின் துறைமுகப் பக்கம் நின்று பாருங்கள்: 20 விநாடிக்கு ஒருமுறை இரண்டு வெள்ளை மின்னல். மியூசியம் அடிவாரத்தில் இருக்கிறது. உலகிலேயே பழைய கலங்கரை விளக்கம் இதுதான் என்று சொன்னால் அதுவும் சரியில்லை. ஸ்பெயினில் ரோமானியர் கட்டிய ஹெர்குலிஸ் கோபுரம் இன்றும் எரிகிறது.