தாரில் சைடு பெஞ்ச் மாட்டும் முன்

2020 அக்டோபரில் மஹிந்திராவின் புதிய தார் ஜீப் விற்பனைக்கு வந்தபோது, அடிப்படை மாடலில் பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள் இருந்தன. மொத்தம் ஆறு பேர். சில மாதங்களிலேயே அந்த மாடல் போய்விட்டது. அதே ஆண்டு நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது, பின்னிருக்கைகள் முன்னோக்கி இருந்த தார். இப்போது பட்டறைகளில் அந்த இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி சைடு பெஞ்ச் மாட்டித் தருகிறார்கள். "எட்டு பேர் தாராளமா போகலாம்" என்பதுதான் விற்பனைப் பேச்சு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

முதலில் சட்டம். சைடு சீட் என்பதே இந்தியாவில் குற்றமில்லை. கம்பெனியிலிருந்தே அப்படி வந்து, ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை ஏறியிருந்தால் வண்டி சரியானதுதான். பொலேரோ நியோவின் கடைசி வரிசை அப்படித்தான் இருக்கிறது. (அந்த வண்டிக்கு 2024 ஏப்ரலில் குளோபல் என்கேப் கொடுத்தது ஒரே ஒரு நட்சத்திரம்.) நாமாக மாற்றும்போதுதான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வருகிறது. ஆர்.சி.யில் நான்கு இருக்கை என்றிருக்கும் வண்டியில் எட்டுக்கு இடம் செய்தால், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் வண்டிக்கும் பொருத்தம் போய்விடுகிறது. 182ஏ பிரிவின்படி இதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் 52ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உறுதி செய்தது.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் மத்திய மோட்டார் வாகன விதி 138(3) மேல்தான். ஓட்டுநர், முன்னால் இருப்பவர், முன்னோக்கிய பின்னிருக்கைகளில் இருப்பவர் ஆகியோர் பெல்ட் போட வேண்டும் என்று அது சொல்கிறது. பக்கவாட்டில் உட்கார்ந்தவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. வண்டியிலேயே அதிக ஆபத்தான இடத்தில் இருப்பவர் விதியிலிருந்தே விடுபட்டுப் போகிறார். சட்டம் தனியாகக் கணக்கில் எடுப்பது குழந்தைகளை மட்டும்தான். 14 வயதுக்குக் கீழ் யாராக இருந்தாலும் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். சைடு பெஞ்சில் குழந்தை இருக்கையை ஒழுங்காகக் கட்ட வழியே கிடையாது. ஆகவே பிள்ளைகளைப் பின்னால் ஏற்றும் பேச்சே வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் ஓர் ஆணை போட்டு, ஆம்புலன்ஸ், ராணுவம் போன்றவற்றைத் தவிர்த்து, புதிய கார்களில் சைடு சீட்டைத் தடை செய்தது. 2007 லேண்ட்ரோவர் டிஃபெண்டரைப் பாருங்கள். பின்பக்க பெஞ்சுகள் போய், முன்னோக்கிய இருக்கைகள் வந்தன. நீளமான 110 வண்டி ஒன்பதிலிருந்து ஏழு பேருக்குச் சுருங்கியது. அத்தனை பேர் பெயர் சொல்லும் வண்டியே இருக்கையை விட்டுக்கொடுத்தது.

ஏன் ஆபத்து? 60 கிலோ ஆள், 50 கி.மீ. வேகம். மோதி நிற்கும்போது அந்த உடம்பு கரைக்க வேண்டிய ஆற்றல், ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வண்டி 0.1 நொடியில் நின்றால், பெல்ட் அவரைப் பிடித்து நிறுத்த சுமார் 850 கிலோ விசை வேண்டும். முன்னோக்கி உட்கார்ந்தவருக்கு இது நெஞ்சு, தோள், இடுப்பு எலும்பு என்று பரவுகிறது. பக்கவாட்டில் இருப்பவருக்கு நேர் மோதலே பக்கவாட்டு மோதலாகிறது. கழுத்து தோள் பக்கம் மடிகிறது. இடுப்புப் பெல்ட் மட்டும் இருந்தால் இடுப்பு நிற்க, மேலுடம்பு முறுக்கிக்கொண்டு போகிறது. பெல்ட்டே இல்லையென்றால் பெஞ்சில் இருக்கும் எல்லோரும் முன்னால் இருப்பவர் மேல் சரிகிறார்கள். முன்சீட்டின் முதுகை ஒட்டி உட்கார்ந்தவருக்குத்தான் அத்தனை எடையும். அங்கேதான் பெரும்பாலும் சின்னப் பிள்ளையை உட்கார வைப்பார்கள்!

"காட்டுப் பாதையில் பத்து கிலோமீட்டர் வேகம்தானே" என்பார்கள். அந்தப் பாதைக்குப் போக இருநூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் இதே வண்டிதான் ஓடுகிறது. காட்டுப் பாதையில் மெதுவாகப் போகும்போதும் வண்டி கவிழும். துணிக்கூரை வண்டியில் பெல்ட் இல்லாதவர் வெளியே விழுவார், வண்டி அவர் மேல் விழும்.

பட்டறை வேலையில் எங்கே கோளாறு வரும் என்பதையும் சொல்கிறேன். பெஞ்சை வீல் ஆர்ச் தகட்டில் எட்டு எம்.எம். போல்ட்டும் சாதா வாஷரும் போட்டு முடுக்குவார்கள். அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான். இழுக்கும்போது போல்ட் அறுவதில்லை, வாஷரோடு தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். சர்வதேச விதிமுறைப்படி காரின் இடுப்புப் பெல்ட் பிடிமானம் 22,250 நியூட்டன், அதாவது சுமார் 2,270 கிலோ இழுவையைத் தாங்கிக் காட்ட வேண்டும். எந்தப் பட்டறையில் இதைச் சோதிக்கிறார்கள்? அடுத்தது, பழைய மூன்றுமுனை பெல்ட்டின் சுருளைக் கழற்றி வேறு கோணத்தில் மாட்டுவது. உள்ளே சாய்வை உணர்ந்து பூட்டும் அமைப்பு இருக்கிறது. கோணம் மாறினால் எப்போதும் பூட்டியே கிடக்கும், அல்லது தேவையான நொடியில் பூட்டாது.

பழைய தார், பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் எதிர்த்திசையில் போகலாம். பெஞ்சை எடுத்துவிட்டு முன்னோக்கிய இரண்டு இருக்கை. இதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதியை முதலில் வாங்க வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து, பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பெல்ட்டுக்கு 7/16 அங்குல யு.என்.எஃப். மரை போட்ட பெல்ட் போல்ட்டையே வாங்குங்கள். தகட்டுக்குப் பின்னால், பந்தயக் கார் விதி கேட்பதுபோல, குறைந்தது 3 மி.மீ. கனம், 40 சதுர செ.மீ. பரப்புள்ள எஃகுத் தட்டு வையுங்கள். முடிந்தால் தரைக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தோடு பிணையுங்கள். வெல்டு வைத்தால் பெயின்ட் எரிந்த இடத்தில் துருத்தடுப்பு அடிக்காமல் விடக் கூடாது.

பெஞ்சை வைத்துக்கொள்வதாக இருந்தால் அது சாமான் வைக்கும் இடம். சாமானையும் கட்டுங்கள். 20 கிலோ டீசல் கேன் அந்த மோதலில் 280 கிலோ விசையோடு முன்னால் வரும்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒன்று. சொல்லாமல் செய்த மாற்றம் தெரிந்தால் சொந்தச் சேத இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைக்கிறது. வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் சொந்த வண்டியில் உங்களோடு வந்தவர்களுக்கு அதில் பாதுகாப்பே இல்லை.

தாரில் பெஞ்ச் போடுவதா வேண்டாமா என்று நாமாவது முடிவு செய்யலாம். கம்பம், போடிப் பக்கமிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்பில் போகும் பெண்களுக்கு அதுவும் இல்லை. சைடு பெஞ்சில் நெருக்கி, நடுவில் ஆள் நிறுத்தி, கொண்டை ஊசி வளைவுகளில் போகிறார்கள். வாடகைப் பதிவுள்ள வண்டியில் அதிகமாக ஏற்றிய ஆளுக்கு அபராதம் தலைக்கு 200 ரூபாய்தான். அதைக் கட்டிவிட்டு மறுநாளும் ஓட்டலாம். அபராதத்தை விட, பேருந்து போகும் இடம் வரை தோட்டங்களே பேருந்து அமர்த்தட்டும். அதற்கு மேல் ஏறும் ஜீப்பில் ஆர்.சி.யில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றக் கூடாது என்று வேலைக்கு எடுப்பவரையே அரசு பொறுப்பாக்கட்டும். விதி 138(3)இல் பக்கவாட்டு இருக்கையையும் சேர்த்து, அங்கே பெல்ட் இருப்பதையும் கட்டாயமாக்கினால், பெல்ட் இல்லாத பெஞ்சில் ஆள் ஏற்றுவதே குற்றமாகிவிடும்.