நாளைக்கு வாங்கன்னா எந்த நாளைக்கு?

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போக ஒரு கையெழுத்துக்காக அலையறேன், இன்னைக்கு நாலாவது தடவை. ஏற்காட்டுல விடிகாலை பஸ்ஸைப் பிடிச்சு, 20 கொண்டை ஊசி வளைவும் தலை சுத்த இறங்கி, சேலத்துல அந்த வெளிநாட்டுப் படிப்புப் பிரிவு வாசல்ல போய் நின்னா, "மேடம் சீட்ல இல்லைங்க, நாளைக்கு வாங்க." எந்த நாளைக்கு?

ஜெர்மனியில பல யுனிவர்சிட்டிக்குக் குளிர்கால செமஸ்டர் விண்ணப்பத்துக்கு ஜூலை 15 கடைசி. சொந்தக் காசுல மாஸ்டர்ஸ் போறவங்களுக்கு 2022 நவம்பர்ல இருந்து ஏபிஎஸ் சான்றிதழ் (நம்ம படிப்புச் சான்றுகள் உண்மைதான்னு சரிபார்த்துத் தர்றது) இல்லாம விசாவே கிடையாது. இதையும் நான்தான் அவங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கு! சொன்னா, "அப்படியாம்மா?"ங்கறாங்க. உங்க வேலையே அதுதானேங்க?

ஒரு கையெழுத்து, ஒரு சீல். அவ்வளவுதான் கேக்கறேன். என் கவர் மூணு வாரமா அந்த மேசை மேலயே கிடக்கு. என் பேரு மேல டீ டம்ளர் வெச்ச வட்டம் காஞ்சு கருத்துப் போச்சு. எடுத்துக் குடுங்கன்னா, "நாங்க தொடக்கூடாதும்மா, அவங்கதான் தரணும்."

விசாவுக்காக, ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ கணக்குல காட்டணும்னு அப்பா இருக்கற ஒரே வீட்டை பேங்க்ல வெச்சுட்டாரு. வட்டி ஓடிட்டே இருக்கு. அந்த வட்டிகிட்டயும் நாளைக்கு வான்னு சொல்ல முடியுமா?