தோட்டத்து வீட்டில் சோலார்: காணி உறுதியைக் கேட்காதீர்கள், கூரையைப் பாருங்கள்

சோலார் பூட்டுவதைப் பற்றி நம்ம ஆட்கள் பேசினால் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். எத்தனை கிலோவாட், எத்தனை லட்சம், போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும். டவுனில் கடை வைத்திருப்பவருக்கு அது சரியான கேள்வி. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவருக்கு அதற்கு முன்னாலேயே இன்னொன்று வந்து நிற்கிறது: இந்தக் கூரை யாருடையது?

என் மச்சான் ஏழு பேர்ச் காணியில் வீடமைப்புத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறார். மகள் கொழும்பில் வேலை செய்து சேர்த்த காசில் சின்னதாக ஒரு மூன்று கிலோவாட் போடலாம் என்று இறங்கினார். கம்பனிப் பொடியன் வந்து கூரையை அளந்து, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, "பேப்பர் எல்லாம் ரெடி பண்ணுங்க அண்ணே, மிச்சத்த நாங்க பாக்குறோம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பேப்பர்தான் இன்றுவரை கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் காணி உறுதி கேட்டார்கள், இவரிடம் இருப்பது வீடு கையளித்த அன்று கொடுத்த காகிதம் மட்டும். இன்னொரு இடத்தில் அனுமதி பெற்ற வீட்டு வரைபடம் கேட்டார்கள். வீட்டை இவரா கட்டினார், வரைபடம் இவர் கையில் இருப்பதற்கு? "அப்போ தோட்டத் துரைகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினார்கள். தோட்ட ஆபீசில் கிளாக்கர் ஐயா, "அந்த வீடு இப்போ எங்க பொறுப்புல இல்லையே தம்பி" என்றார். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, எல்லாரும் உட்காரவைத்துத்தான் பேசினார்கள், ஆனாலும் காரியம் ஒரு அடி நகரவில்லை.

இதுவாவது தனி வீடு. லயத்தை எடுங்கள். ஒரே கூரை, அதன் கீழே பத்துப் பன்னிரண்டு காம்பரா, ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மீட்டர். அந்த மீட்டரிலும் சில இடங்களில் லைட் பில் இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில்தான் வருகிறது. ஒரு வீடு, ஒரு கூரை, ஒரு சொந்தக்காரர் என்று நினைத்து எழுதிய படிவத்தில் இந்த மக்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நடுக் காம்பராக்காரர் தன் தலைக்கு மேலே நாலு பெனல் வைக்க ஆசைப்பட்டால் பக்கத்து வீட்டாரின் சம்மதம் வேண்டும், தோட்டத்தின் சம்மதம் வேண்டும், அதையெல்லாம் எழுத்தில் எடுத்து உறுதிப்படுத்த ஒரு அலுவலகம் வேண்டும். இன்றைக்கு அந்த வேலையைத் தன் வேலை என்று ஏற்றுக்கொள்ள யாருமில்லை.

என்னைக் கேட்டால் அது பிரதேச சபையின் வேலை. சோலார் இணைப்புக்கு விண்ணப்பம் போவது மின்சார சபைக்குத்தான், ட்ரான்ஸ்போமரில் இன்னொரு சோலார் இணைப்புக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் மீட்டர் மாற்றுவதும் 20 வருட ஒப்பந்தம் எழுதுவதும் அவர்கள்தான், அதில் பிரதேச சபை தலையிட ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கட்டடம் இங்கே இருக்கிறது, இந்தக் குடும்பம் இதில் குடியிருக்கிறது, கூரை பாரம் தாங்கும் என்று சொல்லக்கூடிய இடம் பிரதேச சபைதான். முன்பெல்லாம் கேட்டால் "தோட்டத்துக்குள் நாங்கள் வர முடியாது" என்பார்கள், 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதற்கு வசதியாக இருந்தது. அந்தச் சட்டத்தை 2018இல் திருத்தியாகிவிட்டது. அதே காலத்தில் அம்பகமுவ, நுவரெலியா சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று நமக்குப் பக்கத்திலேயே சபைகள் வந்தன. 2025 மே மாதம் வாக்குப் போட்டு உறுப்பினர்களையும் அனுப்பியிருக்கிறோம். இனி அந்தப் பழைய பதில் செல்லாது.

தாமதத்துக்கு விலை இருக்கிறது, அதையும் நாம்தான் கட்டுகிறோம். கூரையிலிருந்து மின்சார சபைக்குக் கொடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 2022இல் 37 ரூபா தருவதாக ஒப்பந்தம் எழுதினார்கள். 2024இல் புதிதாக வந்தவர்களுக்கு அது 27 ரூபா ஆனது, 2025இல் ஐந்து கிலோவாட் வரை போடும் சின்ன வீடுகளுக்கு 20 ரூபா 90 சதம். ட்ரான்ஸ்போமரில் இருக்கும் இடமும் அளவானதுதான். டவுன் பக்கத்து வீடுகள், ஹோட்டல்கள் எல்லாம் முன்னாலேயே போட்டுவிட்டால், எல்லாக் காகிதத்தையும் சேர்த்துக்கொண்டு கடைசியாக வருகிறவருக்கு "இங்கே இனி இடமில்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் கடுமையாக இருக்க வேண்டிய இடம்கூட இருக்கிறது. நம்ம லயத்துக் கூரைகளில் பலவற்றைக் காற்றுக்குப் பிடித்து வைத்திருப்பதே மேலே ஏற்றிவைத்த கல்லும் மணல் மூட்டையும் பழைய டயரும்தான், ஜூன் ஜூலைக் காற்றில் தகரம் பறந்து தேயிலைக்குள் கிடப்பதைப் பார்க்காதவர் யார்? ஒரு பெனல் இருபது கிலோவுக்கு மேல். பத்து பெனல் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். உளுத்துப்போன மரத்தில் அதை ஏற்றினால் தகரத்தோடு சேர்ந்து பெனலும் பறக்கும், கீழே பிள்ளைகள் விளையாடும் முற்றம். பெனலைப் பிடிக்கும் பிராக்கெட்டை மரச்சட்டத்தில் முடுக்காமல் வெறும் தகரத்தில் முடுக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அடுத்த மழைக்கே அந்த ஓட்டையில் ஒழுகும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நமக்கு இடி மின்னல் எப்படி என்று தெரியும், எர்த் சரியாக இருக்கிறதா என்று யாராவது அளந்து பார்க்கத்தான் வேண்டும். மண்சரிவு அபாயம் இருக்கிற இடமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடத்திலும் பார்க்க வேண்டும். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்து ஏணி வைத்து ஏறிப் பார்த்து, "இந்தக் கூரை தாங்காது" என்று சொன்னால் நான் தலைவணங்கி ஏற்றுக்கொள்வேன். ஏறியே பார்க்காமல் உறுதியை மட்டும் கேட்டுத் திருப்பி அனுப்புவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கம்பனிக்காரர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கீழ்நாட்டுக் கணக்கை நம்பி நாம் போடக்கூடாது. மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமும், வெயிலை எண்ணித்தான் பார்க்க வேண்டும். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் அந்த மாதங்களில் நல்ல வெயில். அப்புறம், பேட்டரி இல்லாமல் சாதாரணமாகப் பூட்டும் சிஸ்டம் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், லைனில் வேலை செய்கிறவரின் உயிரைக் காக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்து மலையே இருட்டானபோது, கூரையில் பெனல் இருந்தும் போனுக்குச் சார்ஜ் போட முடியாதவர்களுக்கு அது புரிந்திருக்கும். ஆகவே என் கருத்தில், ஒவ்வொரு லயத்துக்கும் போடுவதற்கு முன்னால் தோட்டத்துப் பாடசாலை, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா, கோயில் மண்டபம் இவற்றில் சபையே முன்நின்று பேட்டரியோடு ஒவ்வொன்று போடலாம். அடுத்த அனர்த்தத்தில் ஜனங்கள் போய்த் தங்கப்போவது அங்கேதான்.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, லக்‌ஷபான, மேல் கொத்மலை என்று இந்த மலைத் தண்ணீரில் ஊருக்கெல்லாம் கரண்ட் போகிறது. நம்ம கூரையிலிருந்து நாலு யூனிட் கொடுப்பதற்கு நாம் கேட்பது ஒரே ஒரு பக்கக் காகிதம். கிராம சேவகர் குடியிருப்பை உறுதிப்படுத்தட்டும், தொழில்நுட்ப உத்தியோகத்தர் கூரையைப் பார்த்துக் கையெழுத்து வைக்கட்டும், தோட்ட நிர்வாகத்துக்கு ஆட்சேபனை இருந்தால் இத்தனை நாளைக்குள் எழுத்தில் தரட்டும், தராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளட்டும். மின்சார சபை அதை உறுதிக்குப் பதிலாக ஏற்க வேண்டும் என்று பிரதேச சபை ஒரு பிரேரணை நிறைவேற்றி அமைச்சுக்கு அனுப்பட்டும்.

உங்கள் வட்டார உறுப்பினரின் நம்பர் உங்களிடம் இருக்கும், இந்தப் பதிவை அவருக்கு அனுப்பி அடுத்த மாதக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். லைட் பில் இன்னும் பழைய ஆள் பெயரில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், மரணச் சான்றிதழையும் கிராம சேவகரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மின்சார சபை ஆபீசில் போய்ப் பெயர் மாற்ற என்ன தேவை என்று இந்த வாரமே கேளுங்கள்.