ஆஜிகானை ‘அனிமே பேண்ட்’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாமா?

ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷன் என்ற ஜப்பானிய ராக் குழுவைப் பற்றி நம் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) வட்டங்களில் பேச்சு வரும்போதெல்லாம், ‘நருட்டோ ஓப்பனிங் பாடியவர்கள்’, அதாவது நருட்டோ என்ற தொடரின் தொடக்கப் பாட்டைப் பாடியவர்கள் என்ற ஒற்றை வரியோடு அறிமுகம் முடிந்துவிடுகிறது. அந்த வரியில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அதைக் கேட்கும் ஒருவர், தொடருக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது, தயாரிப்பாளர்கள் கேட்டார்கள், இவர்கள் போட்டுக் கொடுத்தார்கள் என்றுதான் எண்ணிக்கொள்வார். நடந்தது வேறு. ‘ஹருகா கனதா’ என்ற அந்தப் பாட்டு, 2002 நவம்பரில் ஒரு சிறிய நிறுவனத்தின் வழியாக வெளிவந்த ‘ஹோகாய் ஆம்ப்ளிஃபையர்’ என்ற ஆறு பாட்டுத் தொகுப்பின் முதல் பாட்டு. சோனி குழுமத்தைச் சேர்ந்த கியூன் நிறுவனம் குழுவை ஒப்பந்தம் செய்து, அதே தொகுப்பை 2003 ஏப்ரலில் மறுபடி வெளியிட்டது. அதே ஆண்டில்தான் அது நருட்டோவின் இரண்டாவது ஓப்பனிங் ஆனது. ஏற்கெனவே எழுதி, வாசித்து, விற்பனைக்கும் வந்துவிட்ட ஒரு பாட்டைத் தேடித்தான் அனிமே வந்தது. இந்த வரிசை முக்கியமானது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அவர்களுடைய பிற்கால வாழ்க்கையிலும் இதே வரிசை மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கிறது.

ஜப்பானில் இவர்களைச் சுருக்கமாக ‘ஆஜிகான்’ என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். 1996இல் யோகோஹாமாவில் உள்ள கான்தோ காகுயின் பல்கலைக்கழகத்தின் இசை மன்றத்தில் சந்தித்துக்கொண்ட மாணவர்களின் குழு இது. பாட்டும் கிட்டாரும் மசாஃபுமி கோத்தோ, இன்னொரு கிட்டாரும் துணைக்குரலும் கென்சுகே கித்தா, பேஸ் தகாஹிரோ யமாதா, டிரம்ஸ் கியோஷி இஜிச்சி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நால்வரில் ஒருவரும் மாறவில்லை என்பதே ராக் உலகில் அபூர்வமான செய்தி. ஒயாசிஸ், வீஸர் போன்ற குழுக்களைக் கேட்டு வளர்ந்த இவர்கள், தொடக்க காலத்தில் ஆங்கிலத்தில்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்னர்தான் ஜப்பானிய மொழிக்கு மாறினார்கள். உள்நாட்டில் நம்பர் கேர்ள் என்ற குழுவின் மீது இவர்களுக்கு இருந்த பித்து, முதல் முழுத் தொகுப்பான ‘கிமி ட்சுனாகி ஃபைவ் எம்’மில் அந்தக் குழுவின் பெயரையே எழுத்துகளாகச் சுருக்கி ஒரு பாட்டுக்குத் தலைப்பாக வைக்கும் அளவுக்குப் போனது. ஒப்பனையும் பளபளப்பும் கொண்ட ராக் நட்சத்திரங்களைப் பார்த்துப் பழகிய ஒரு நாட்டில், தடித்த கண்ணாடியும் சாதாரணச் சட்டையுமாக மேடையேறிய கோத்தோ, நூலகத்திலிருந்து நேராக வந்தவர் போலத்தான் இருந்தார். அந்தத் தோற்றத்துக்கும் அவர் கத்திப் பாடுவதற்கும் உள்ள இடைவெளிதான் என்னை முதலில் ஈர்த்தது.

அனிமே ஓப்பனிங் எப்படி முடிவாகிறது என்பதைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு காவியக் கற்பனை இருக்கிறது. பெரும்பாலும் அது வியாபாரம். நருட்டோ, ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட், ப்ளீச் ஆகிய மூன்று தொடர்களிலும் பங்கு வகித்த அனிபிளெக்ஸ் நிறுவனம், கியூனைப் போலவே சோனி மியூசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீண்ட தொடர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை ஓப்பனிங்கை மாற்றும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய சிங்கிளுக்கு (தனியாக விற்கப்படும் பாட்டுக்கு) இலவச விளம்பரம். ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டின் இரண்டாவது ஓப்பனிங்கைப் பாடிய லார்க்-ஆன்-சியெல் குழுவும் கியூனில் இருந்த குழுதான். ஆகவே, சரியான நேரத்தில் சரியான நிறுவனத்தில் இருந்தது ஆஜிகானுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வாசல் வழியாக நுழைந்த குழுக்கள் எத்தனையோ. அவற்றில் பலவற்றின் பெயரை இன்று அந்தத் தொடரின் தீவிர ரசிகர்களுக்கே யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2004 ஆகஸ்டில் வந்த ‘ரீரைட்’ ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டின் நான்காவது, கடைசி ஓப்பனிங். தொலைக்காட்சியில் ஓப்பனிங்குக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்தில் நமக்குக் கிடைப்பது பாட்டின் கோபம் மட்டுமே: வெட்டி வெட்டி வாசிக்கும் கிட்டார், அது வெடித்துச் சிதறும் பல்லவி. முழுப் பாட்டைக் கேட்டால் நடுவில் அந்த வேகம் சட்டென்று அடங்கி, கோத்தோவின் குரல் கிட்டத்தட்ட முணுமுணுப்பாகத் தாழ்ந்து, அங்கிருந்து படிப்படியாக ஏறி மீண்டும் பல்லவிக்கு வருவது தெரியும். கச்சேரிகளில் இந்த நடுப்பகுதியை அவர்கள் நீட்டி, தாளத்தைத் தளர்த்தி, கூட்டத்தைப் பாடவைத்து, பொறுமையைச் சோதித்து, பிறகுதான் பல்லவியை அவிழ்த்துவிடுவார்கள். பாட்டின் இதயம் என்று நான் சொல்வது அந்தக் காத்திருப்பைத்தான். தொலைக்காட்சி வெட்டில் முதலில் காணாமல் போவதும் அதுவே. ஓப்பனிங்கை மட்டும் கேட்டுவிட்டு ‘இவர்கள் கத்துகிறார்கள்’ என்று முடிவுகட்டுபவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த ‘சோல்ஃபா’ தொகுப்பு ஜப்பானின் ஓரிகான் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அதன் பிறகு எல்லாரும் எதிர்பார்த்தது இன்னும் பத்து ‘ரீரைட்’களை. 2006இல் அவர்கள் கொடுத்ததோ ‘ஃபேன்கிளப்’ என்ற இறுக்கமான, உள்முகமான, சிக்கலான தாளங்கள் கொண்ட ஒரு தொகுப்பு. 2007 நவம்பரில் வந்த ‘ஆஃப்டர் டார்க்’ ப்ளீச்சின் ஏழாவது ஓப்பனிங்காகி மறுபடி உலகம் சுற்றியது. நல்ல பாட்டுதான், ஆனால் அது இடம்பெற்ற ‘வேர்ல்ட் வேர்ல்ட் வேர்ல்ட்’ தொகுப்பில் அதைவிட நல்ல பாட்டுகள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றிக் கடைசியில் பேச வேண்டியிருக்கிறது.

ஆஜிகானை அனிமே வழியாக மட்டும் அறிந்தவர்கள் தவறவிடும் தொகுப்பு எது என்று கேட்டால், தயங்காமல் 2008 நவம்பரில் வந்த ‘சர்ஃப் புங்காகு காமாகுரா’ என்பேன். காமாகுராவுக்கும் ஃபுஜிசாவாவுக்கும் இடையே, பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்கு, வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டும் கடலை ஒட்டிக்கொண்டும் ஓடும் எனோதென் என்ற சிறிய ரயில் பாதை இருக்கிறது. அதில் பதினைந்து நிலையங்கள். ஃபுஜிசாவாவில் தொடங்கி காமாகுராவில் முடியுமாறு, பத்து நிலையங்களின் பெயரில் பத்துப் பாட்டுகளைக் கொண்டது இந்தத் தொகுப்பு. மூளையைப் பிழிந்து எழுதிய ‘வேர்ல்ட் வேர்ல்ட் வேர்ல்ட்’ வந்த அதே ஆண்டில், நால்வரும் ஒரே அறையில் நின்று சேர்ந்து வாசித்து, அதிகம் மெருகேற்றாமல் விட்டுவிட்ட பதிவு இது. பெரும்பாலானவை குட்டிப் பாட்டுகள். வேலைக்குப் போக மனமில்லாத ஒருவன் ஃபுஜிசாவாவில் ரயிலேறும் முதல் பாட்டிலிருந்து, வீஸரின் மீது இவர்களுக்கு உள்ள காதல் ஒவ்வொரு கிட்டார் தட்டலிலும் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. உலகைக் காப்பாற்றும் நாயகன் எவனும் இந்தப் பாட்டுகளில் இல்லை. அலைச்சறுக்கு, விடுமுறை, பிரிவு, வெயில், அவ்வளவுதான். எந்தத் தொடரும் இதிலிருந்து ஓப்பனிங் எடுக்கவில்லை என்பதால் நம் ஊர் ரசிகர்களின் பட்டியல்களில் இது இடம்பெறுவதே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எனோதென் பாதையில் அனிமே ரசிகர்கள் யாத்திரை போல் குவியும் இடம், ஸ்லாம் டங்க் என்ற அனிமேயின் ஓப்பனிங்கில் வரும் ரயில்வே கேட்; அது இருப்பது காமாகுராகோகோமாயே நிலையத்தின் அருகில். பின்னணியில் கடல் தெரிய, ரயில் கடக்கும் நொடியைப் படம்பிடிக்க அங்கே அலைமோதும் கூட்டம் உள்ளூர்க்காரர்களுக்குப் பெரிய தொந்தரவாகவே ஆகிவிட்டது. 2008 தொகுப்பில் கொஷிகோயேயிலிருந்து நேராக ஷிச்சிரிகஹாமாவுக்குப் போய்விடுகிறார்கள். இடையிலுள்ள அந்த நிலையத்துக்குப் பாட்டே கிடையாது. திட்டமிட்டுச் செய்தார்களா என்பதல்ல விஷயம். அனிமேயால் உலகப் புகழ் பெற்ற குழு, அனிமேயால் உலகப் புகழ் பெற்ற நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். விடுபட்ட ஐந்து நிலையங்களுக்கும் பாட்டு எழுதி, பழைய பத்தையும் புதிதாக வாசித்து, 2023 ஜூலையில் தொகுப்பை முழுமையாக்கினார்கள். பதினைந்து ஆண்டு கழித்து வந்த ஐந்து பாட்டுகளும் பழையவற்றோடு தையல் தெரியாமல் பொருந்துகின்றன.

அனிமேயோடும் மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளோடும் அவர்களுக்கு இருந்த உறவில் எனக்கு மதிப்பு கூடியது 2010இல்தான். தொடக்கம் முதல் அவர்களுடைய தொகுப்புகளுக்கு அட்டை வரைந்தவர் யூசுகே நகாமுரா. மாசாகி யுவாசா இயக்கிய ‘த டாட்டாமி கேலக்ஸி’ தொடரின் பாத்திரங்களுக்கு மூல வடிவம் தந்தவரும் அவரே. அதன் ஓப்பனிங் ஆஜிகானுடையது. அங்கே பாட்டும் படமும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. அதே ஆண்டு, இனியோ அசானோவின் ‘சோலானின்’ மாங்கா திரைப்படமானபோது, மாங்காவின் பக்கங்களில் ஓசையில்லாமல் கிடந்த வரிகளுக்கு கோத்தோ மெட்டமைத்தார். படிப்பு முடித்து, வேலையில் மனம் ஒட்டாமல், பேண்டை விடவும் முடியாமல் தவிக்கும் இளைஞர்களின் கதை அது. கல்லூரி மன்றத்தில் தொடங்கிய ஒரு குழுவைவிடப் பொருத்தமானவர்கள் அதற்கு யார் இருந்திருக்க முடியும்?

2011 மார்ச் நிலநடுக்கத்துக்கும் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கும் பிறகு கோத்தோ ‘த ஃபியூச்சர் டைம்ஸ்’ என்ற இலவசச் செய்தித்தாளைத் தொடங்கி, அதன் ஆசிரியராக இருந்து, ஆற்றலைப் பற்றியும் மீள்குடியேற்றத்தைப் பற்றியும் பேட்டிகளை வெளியிட்டார். 2012இல் இசையமைப்பாளர் ரியூயிச்சி சகாமோட்டோ முன்னின்று நடத்திய அணுசக்தி எதிர்ப்பு இசை விழாவில் குழு வாசித்தது. இசைக்கலைஞர்கள் அரசியல் பேசினால் முகம் சுளிக்கும் ஒரு சூழலில் இது எளிதான முடிவல்ல. இளைஞர் தொடர்களின் ஓப்பனிங்குகளால் தங்கள் சந்தை கட்டப்பட்டிருந்தது என்று அவர்கள் நம்பியிருந்தால், வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இலாபம்.

பிறகு 2016. ‘எரேஸ்ட்’ தொடரின் ஓப்பனிங்காக ஒலித்த ‘ரீ:ரீ:’ புதிய பாட்டல்ல. 2004இன் ‘சோல்ஃபா’வில் இருந்த பாட்டு, பன்னிரண்டு ஆண்டுக் கச்சேரி அனுபவத்தோடு மறுபடி பதிவு செய்யப்பட்டது. காலத்தில் பின்னோக்கிச் சென்று தவறைத் திருத்த முயலும் ஒருவனின் கதைக்கு, குழு தன் பழைய பாட்டையே எடுத்துத் திருத்திக் கொடுத்தது எவ்வளவு பொருத்தம்! அதே ஆண்டு இறுதியில் ‘சோல்ஃபா’ முழுவதையுமே மறுபதிவு செய்து வெளியிட்டார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. ஒலி துல்லியமானது, வாசிப்பு முதிர்ந்தது, எல்லாம் சரி. ஆனால் 2004இன் பதிவில் இருந்த அவசரமும் மூச்சிரைப்பும் குறையல்ல, அந்தப் பாட்டுகளின் பாதிப் பொருளே அவைதான். ‘ரீ:ரீ:’ ஒன்றுக்கு மட்டும் புதிய பதிவு மேல் என்பேன். அதன் நீண்ட முன்னிசை மேடையில் வளர்ந்து வந்த ஒன்று.

இப்போது தள்ளிவைத்த பாட்டுக்கு வருகிறேன். 2022 அக்டோபரில் ‘போச்சி த ராக்!’ ஒளிபரப்பானது. ஆகி ஹமாஜியின் நாலுகட்ட மாங்காவிலிருந்து வந்த அந்தத் தொடரின் நான்கு நாயகியரின் குடும்பப் பெயர்களும் கோத்தோ, கித்தா, யமாதா, இஜிச்சி. யமாதா பேஸ்தான் வாசிக்கிறாள், இஜிச்சி டிரம்ஸ்தான். கோத்தோவும் கித்தாவும் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள்: நிஜக் குழுவில் பாடும் கோத்தோவின் பெயர், மனிதரைக் கண்டாலே நடுங்கும் கிட்டார்க்காரிக்கு, பாடும் வேலை கித்தாவுக்கு. பன்னிரண்டு அத்தியாயங்களின் தலைப்புகளும் ஆஜிகான் பாட்டுத் தலைப்புகளைத் தழுவியவை. முதல் அத்தியாயத்தின் தலைப்பையும் கடைசி அத்தியாயத்தின் தலைப்பையும் சேர்த்து, ‘போச்சி’ என்ற சொல்லை மட்டும் ‘இவா’ ஆக்கினால், 2008இல் சிங்கிளாக வந்து ‘வேர்ல்ட் வேர்ல்ட் வேர்ல்ட்’ தொகுப்பில் இடம்பெற்ற ‘கொரொகாரு இவா, கிமி நி ஆசா கா ஃபுரு’ என்ற பாட்டின் தலைப்பு கிடைக்கும். கடைசி அத்தியாயத்தின் முடிவில் அந்தப் பாட்டையே, அதுவரை தொடரில் பாடாத நாயகியின் குரலில் பாடவைத்தார்கள். ‘ரீரைட்’டையோ ‘ஹருகா கனதா’வையோ எடுத்திருந்தால் கைத்தட்டல் உடனே கிடைத்திருக்கும். அனிமே ரசிகர்கள் பெரிதும் அறியாத, தன் இயலாமையை நிதானமாக ஒப்புக்கொள்ளும் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆஜிகானை உண்மையாகவே கேட்டவர்கள். அனிமே ஆஜிகானைத் தேடி வந்தது என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அனிமே இல்லாவிட்டால் ஜப்பானுக்கு வெளியே இவர்களை யார் கேட்டிருப்பார்கள் என்று கேட்கலாம். மிகச் சிலரே, நானும் கேட்டிருக்க மாட்டேன். 2016இல் நருட்டோ ஷிப்புடெனுக்கும், 2019இல் டொரோரோவுக்கும், 2021இல் மை ஹீரோ அகாடெமியா திரைப்படத்துக்கும் அவர்கள் மகிழ்ச்சியோடு பாடிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உறவை அவர்களே ஒருபோதும் இழிவாகப் பேசியதாக நான் படித்ததில்லை. நான் மறுப்பது, ஒரு முழு வாழ்க்கையை அந்தச் சில ஒன்றரை நிமிடங்களுக்குள் மடித்து வைப்பதை மட்டுமே.

‘போச்சி’யில் அந்த நான்கு பெண்களும் மேடையேறுவதற்காக ஆளுக்கு ஐந்து டிக்கெட் விற்றாக வேண்டும் என்று திண்டாடுவார்கள். அது நகைச்சுவைக்காகப் புனைந்ததல்ல. ஜப்பானின் சிறிய அரங்குகளில் புதிய குழுக்களுக்கு அப்படி ஓர் ஒதுக்கீடு உண்டு, விற்காத டிக்கெட்டுக்குக் குழுவே பணம் கட்ட வேண்டும். அந்த வழியாக மேலே வந்த கோத்தோ, 2018இல் ‘ஆப்பிள் வினிகர்’ என்ற பெயரில் புதிய இசைக்கலைஞர்களுக்குப் பணப் பரிசு தரும் விருதைத் தொடங்கினார். அடுத்த தொகுப்பைப் பதிவு செய்யக் கையில் காசில்லாத குழுக்களுக்கு அந்தப் பணம் போகிறது. பின்னர் தம் சொந்த மாகாணமான ஷிசுவோகாவில், பழைய மண்சுவர்க் கிடங்கு ஒன்றை அத்தகைய குழுக்கள் தங்கிப் பதிவு செய்யும் ஸ்டூடியோவாக மாற்றும் வேலையிலும் இறங்கினார். அவரைப் பற்றி அடுத்த முறை யாரிடமாவது சொல்லும்போது, நருட்டோவோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.