புல் கருகுதுன்னு நாயைக் கட்டிப்போடாதீங்க

கோயம்புத்தூர்ல சரவணம்பட்டி, வடவள்ளிப் பக்கம் குடியிருப்புகள்ல இந்தப் பேச்சு அடிக்கடி காதுல விழுது. "நாய் ஒண்ணுக்குப் போயி புல்லெல்லாம் கருகுது, இனிமே பார்க்குக்குள்ள நாயே வரக்கூடாது." இதுக்குப் பயந்து நாள் முழுக்கச் சங்கிலியிலயே நாயைக் கட்டி வெச்சிருக்கிற வீடுகளும் உண்டு. எனக்கு மனசு பொறுக்கலைங்க. அரை வாளித் தண்ணியில தீர்ற விசயத்துக்கு வாயில்லா ஜீவனை எதுக்குத் தண்டிக்கோணும்?

மூத்திரத்துல அமிலம் இருக்குது, அதான் சுடுதுன்னு நெறையப் பேரு நம்பறாங்க. சுடறது அமிலமில்லைங்க, அதுல இருக்கிற யூரியாவும் உப்பும். தோட்டங்காட்டுல வளர்ந்தவங்களுக்கு இது தெரியாததில்லை. யூரியாவைக் கையள்ளித் தூருல கொட்டினா பயிரு வெந்துபோகும், பரவலா வீசித் தண்ணி கட்டினா கருகருன்னு எந்திரிக்கும். நம்ம கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பின பஞ்சகவ்யத்துலயும் கோமியம் இருக்குது. அதை 100 லிட்டர் தண்ணிக்கு 3 லிட்டர்னு கலந்துதானே தெளிக்கிறோம்?

நாய் போன எடத்தை உத்துப் பாருங்க. நடுவுல காஞ்ச வட்டம், சுத்தி அடர்பச்சையா ஒரு வளையம். கெட்டியா நின்ன எடம் கருகிருச்சு, ஓரத்துல பரவினது உரமாயிருச்சு. வளையமே இல்லாம, காஞ்ச புல்லை இழுத்தா வேரறுந்து லேசாக் கையோட வந்துச்சுன்னா அது வேர்ப்புழு வேலையா இருக்கும். அதுக்கும் நாயைத் திட்டறவங்க இருக்காங்க.

பொட்டை நாய் மூத்திரம் வெசம்னு சொல்றதும் தப்பு. அது உக்காந்து மொத்தத்தையும் ஒரே எடத்துல விடுது, கடுவன் காலைத் தூக்கி அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா விடுது. வித்தியாசம் அவ்வளவுதான். கடுவன் குட்டியும் சின்னதுல உக்காந்துதான் போகும்.

அதனால, போனவுடனே அந்த எடத்துல தண்ணி ஊத்துங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ராத்திரி முழுக்க அடக்கி வெச்சு விடியக்காலம் போறதுதான் ரொம்பக் கெட்டி, அதையாவது தவற விடாதீங்க. நம்ம போர்த் தண்ணியில ஏற்கெனவே உப்பு இருக்குது, நல்ல தண்ணியோ மழைத்தண்ணியோ கெடச்சா அதை ஊத்தறது மேல். ஆர்.ஓ. மெசின்ல கழிவாப் போற தண்ணியை மட்டும் வேண்டாமுங்க, அதுல உப்பு இன்னும் அதிகம். யூரியா போட்டு வளர்க்கிற புல்லு இன்னும் சீக்கிரம் கருகும், நாய் போற பக்கம் உரத்தைக் குறைங்க.

எனக்கு நெசமாவே கோவம் வர்றது இன்னொண்ணுக்கு. தக்காளிச் சாறு குடு, வினிகர் கலந்து குடு, சோடா உப்புப் போடுன்னு ஆளாளுக்கு வைத்தியம் சொல்றாங்க. மூத்திரத்தோட அமிலத்தன்மையை மாத்தி புல்லுக்கு ஒரு பலனும் இல்லை, நாய்க்குத்தான் மூத்திரப்பையில கல்லு வரலாம். நெறையத் தண்ணி குடிக்கட்டும்னு சோத்துல உப்பு அள்ளிப் போடறது அதை விடக் கொடுமை. சித்திரை வெயில்ல நெழல்ல ரெண்டு எடத்துல சுத்தமான தண்ணி வெச்சாப் போதும், அதுவே குடிச்சுக்கும். சொல்லாமக் கொள்ளாமத் திடீர்னு தண்ணி ரொம்பக் குடிச்சு அடிக்கடி ஒண்ணுக்குப் போனாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, புல்லை விட்டுட்டு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.

கருகின எடம் அப்படியே போயிறாது. காஞ்சதை வாரி எடுத்துட்டு, நாலஞ்சு நாள் நல்லாத் தண்ணி ஊத்தி உப்பைக் கீழ எறக்குங்க. மேல் மண்ணை ரெண்டு அங்குலம் எடுத்துட்டுச் செம்மண்ணும் மக்கின தொழுவுரமும் கலந்து நெரப்பி, பக்கத்துப் புல்லுலயே கணுவோட பிச்சு நட்டு வெச்சா புடிச்சுக்கும். அருகம்புல்லுன்னா தரையில ஓடியே தானா மூடிக்கும். கொரியன் புல்லு அழகுதான், ஆனா மெதுவாத்தான் பரவும். நாய் வளர்க்கிற வீட்டுக்கு நான் அருகம்புல்லைத்தான் சொல்வேன்.

நாய்க்குன்னு ஒரு எடம் பழக்கறதும் கஷ்டமில்லை. ஒரு மூலையில ஆத்து மணலோ பொடிசல்லியோ கொட்டி, விடியக்காலம் கயித்தைப் புடிச்சு அங்கயே கூட்டிட்டுப் போங்க. போனதும் தட்டிக்குடுத்து தீனி ஒண்ணு குடுங்க. கொஞ்ச வாரத்துல அதுவே அங்க இழுத்துட்டுப் போகும்.

குடியிருப்புச் சங்கத்துல இருக்கிறவங்களைத்தான் கேட்டுக்கறேன். அடுத்த கூட்டத்துல நாய்க்குத் தடைன்னு தீர்மானம் எழுதறதுக்கு முன்னாடி, பார்க் ஓரத்துல அந்த மாதிரி ஒரு மணல் மூலைக்கும், பக்கத்துல ஒரு குழாய்க்கும் வாளிக்கும் எடம் ஒதுக்குங்க. நாய் வெச்சிருக்கிறவங்களும் தண்ணி ஊத்தாம நகரக்கூடாதுன்னு அதே தீர்மானத்துல எழுதிருங்க.