பொன்னாடைத் தட்டு ஏந்தவா வயலின் கற்றுக்கொண்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் எங்கள் இசைக்குழுவின் விழாவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி எங்கள் குழு வாட்ஸ்அப்பில், "பிள்ளைகளைத்தான் மேடை ஏற்றினோமே, அது போதாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு ஆறு பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

போதாது. மேடை ஏறுவது வேறு, மேடையில் வாசிப்பது வேறு.

வராதவர்களுக்கும் அந்தப் படம் வந்து சேர்ந்திருக்கும். நாங்கள் வயலின் கற்றுக்கொடுக்கும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் பதினான்கு பேர், வெள்ளைச் சட்டை, கையில் தட்டு, தட்டில் பொன்னாடை. படத்தில் தெரியாதது ஒன்று உண்டு. அவர்களின் வயலின்கள் மேடைக்குப் பின்னால் பெட்டிக்குள் மூடிக் கிடந்தன. அழைப்பிதழில் அவர்களுக்கு என்று ஏழு நிமிடம் அச்சிட்டிருந்தோம். வாழ்த்துரைகள் நீண்டுகொண்டே போயின. ஒருவர் மட்டும் நாற்பது நிமிடம் பேசினார். கடைசியில் ஓடி வந்து சொன்னார்கள்: "பசங்க வாசிக்க நேரமில்ல. பொன்னாடையை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்க, அப்படியாச்சும் மேடையில தெரிவாங்க."

ஏழு நிமிடம்தானே என்கிறார்கள். அந்த ஏழு நிமிடத்துக்குப் பின்னால் எட்டு மாதச் சனிக்கிழமைகள் இருக்கின்றன. முதல் மாதம் முழுக்க வில்லைப் பிடிக்கும் பழக்கம்தான். சுண்டு விரல் வளைந்து நிற்க வேண்டும், விறைத்தால் சத்தம் கீறும். அப்புறம் விரல் எதுவும் வைக்காமல் வெறும் தந்தி. அதற்கப்புறம்தான் விரல் பலகையில் டேப் ஒட்டி ஒவ்வொரு சுரமாக. கை குட்டையான பத்து வயதுப் பையனுக்கு முக்கால் அளவு வயலின் எட்டாது, அரை அளவு வேண்டும். எங்களிடம் அரை அளவில் இருந்தது ஐந்துதான். எட்டுப் பேர் முறை போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி, வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் திட்டுகிறார்கள் என்று, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று சாதகம் செய்தாள். அன்றைக்கு அவளும்தான் தட்டு ஏந்தினாள்.

மேடையில் ஏற்றியது போதாது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த வாழ்க்கை. எனக்கு ஒன்பது வயதில் வயலின் கிடைத்தது பெரம்பூரில், எங்கள் தெருக்கோடி தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்திய ஒரு பெரியவரிடமிருந்து. நாங்கள் அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை. சன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என்னை உள்ளே கூப்பிட்டார், அவ்வளவுதான். அந்த வருடக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் கடைசி வரிசையில் என்னை உட்காரவைத்தார். எனக்குத் தெரிந்தது இரண்டு வெறும் தந்திகள் மட்டும். அந்த இரண்டுக்கும் ஏற்ற மாதிரி ஒரு பகுதியைத் தன் கையால் எழுதித் தந்தார். "நீ வாசிக்கலேன்னா இந்த இடத்துல ஓட்டை விழும், கவனமா எண்ணு" என்றார். என் அம்மா வாசற்படியில் சாப்பாட்டுக் கூடையோடு நின்று கேட்டார். நான் இன்றைக்கும் வயலினைத் தொடுகிறேன் என்றால் அந்த ஒரு சொல்தான் காரணம். நான் இல்லாவிட்டால் அங்கே ஓட்டை விழும்.

ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேரும் வாசிக்கவில்லை. யாருக்கும் ஓட்டை தெரியவில்லை.

எங்கள் துண்டுப் பிரசுரத்தில் வெனிசுவேலாவைப் போல என்று எழுதியிருக்கிறோம். சரி, வெனிசுவேலாவில் என்ன நடந்தது? ஏழைப் பிள்ளைகளுக்கு இசை கற்றுத்தரும் 'எல் சிஸ்தேமா' இயக்கத்தை 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்ற இசைக்கலைஞர் தலைநகர் கராகஸில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் பதினோரு பேரை வைத்துத்தான் தொடங்கினார். பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கவைக்காமல், ஆரம்பத்திலிருந்தே குழுவாக உட்காரவைத்து, ஊர் முன்னால் வாசிக்கவைத்ததுதான் அந்த முறையின் உயிர். அதைப் பார்த்து ஸ்காட்லாந்தில், ஸ்டர்லிங் நகரத்து ராப்லாக் குடியிருப்பில் 2008இல் தொடங்கினார்கள். ஏழ்மைக்குப் பேர்போன இடம். 2012 ஜூனில் கராகஸிலிருந்து நடத்துநர் குஸ்தாவோ டூடமெல் தன் சிமோன் பொலிவார் ஆர்க்கெஸ்ட்ராவோடு அங்கே வந்தார். திறந்த வெளி, கொட்டும் மழை. அந்த ஊர்ப் பிள்ளைகள் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். அந்தப் பிள்ளைகள் கையில் இருந்தது வில். வெனிசுவேலா பெயரைச் சொல்லி நன்கொடை கேட்கும் நாம் கொடுத்தது தட்டு.

"வயலின் எதற்கு, அந்நிய வாத்தியம், பறை சொல்லிக்கொடுக்கலாமே" என்று எப்போதும் ஒருவர் வருவார். பறை கற்றுத்தர யார் வந்தாலும் அதே வகுப்பறையைத் திறந்துவிடுகிறேன், நானும் உட்கார்ந்து கற்றுக்கொள்வேன். ஆனால் இந்தத் தெருப் பிள்ளைக்கு இந்த வாத்தியம்தான் என்று வெளியிலிருந்து முடிவு செய்யும் உரிமையை யார் கொடுத்தது? வயலின் இங்கே வந்து இருநூறு வருடம் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்தபோது ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டது. பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளுக்கு அண்ணன் வடமொழியில் சாகித்யம் எழுதினார், அவைதான் நொட்டுஸ்வரங்கள். எங்கள் பிள்ளைகள் வாசிக்கவிருந்ததே அதில் ஒன்று, 'சக்தி சஹித கணபதிம்'. மணலியிலிருந்து எங்கள் பள்ளிக்கு ஒரே பஸ்.

படிப்பைக் கெடுக்கிறீர்கள் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. வகுப்பு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம்.

இன்னொன்றைச் சொன்னார்கள், அதுதான் குத்தியது. பணம் கொடுப்பவர்களின் மனம் கோணக் கூடாதாம். ஒரு செட் தந்தி என்ன விலை என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பணம் இல்லாவிட்டால் அரை அளவு வயலின் ஐந்தும் இல்லை, அது உண்மைதான். ஆனால் பணம் கொடுத்தவரே முன்வரிசையில் என்னைத் திரும்பிப் பார்த்து, "குழந்தைகள் எப்போ வாசிப்பாங்க?" என்று கேட்டார். அவர் கேட்க வந்தது அதைத்தான். நமக்குத்தான் அவருக்குப் பொன்னாடை முக்கியம் என்று தோன்றியது.

இதையெல்லாம் எழுதும் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தட்டுகளை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் எடுத்துக் கொடுத்தது நான்தான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினைந்து வருடமாக இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்திருக்கிற குழு, எல்லோரும் தெரிந்தவர்கள், அரங்கம் நிறைய ஆட்கள். அந்த மொட்டை மாடிப் பெண், "மிஸ், இதைக் குடுத்துட்டு வந்து வாசிக்கணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அவளுடைய அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அன்றைக்கு சவாரியை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில், போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். எட்டரைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி எந்த விழாவாக இருந்தாலும் பிள்ளைகள் முதலில் வாசிக்கட்டும், உரைகள் அதற்குப் பிறகு. இதைக் குழு எழுத்தில் கொடுக்காத வரை நான் மேடை ஏறப்போவதில்லை. வகுப்பை விடமாட்டேன்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு வகுப்பு. அந்த மொட்டை மாடிப் பெண்ணின் வயலினில் மெல்லிய 'ஈ' (E) தந்தியை மாற்ற வேண்டும். அரங்கின் ஏசி காற்றில், தந்தியை முறுக்கும் பிரடை நழுவி நழுவி சுருதி இறங்க, அவள் மறுபடி மறுபடி முறுக்கியிருக்கிறாள், தந்தி அறுந்துவிட்டது. புதுத் தந்தி வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். அவள் வர வேண்டும்.